ரோட்டுக்கு வந்த காசில் மீடியன் தோட்டம்: நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர மன்ற உறுப்பினர்களுக்கும் பொதுப்பணித் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நம் நகரின் பிரதான சாலை நடுவே ஓடும் மீடியனைப் புதுப்பிக்கும் திட்டம் உங்கள் மேசையில் இருக்கிறது. காய்ந்த பழைய புல்லை எடுத்துவிட்டு, புது மண் போட்டு, செடியும் மரமும் நட்டு, இடையிடையே கல் பதித்து அழகாக்குவதாகச் சொல்கிறீர்கள். அதற்கான பணத்தை, மாநிலம் பெட்ரோல் வரியாக வாங்கி ஆண்டுதோறும் நகரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சாலை நிதியிலிருந்து எடுக்கலாம் என்பது யோசனை. அந்த யோசனையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இதன் சாரத்தை ஆங்கிலத்தில் நகரச் செயலரிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன். தமிழில் எழுதக் காரணம் வேறு. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள இந்த பே ஏரியாவில் வீடு வாங்கி, சொத்து வரி கட்டி, பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போதெல்லாம் எரிபொருள் வரியும் கட்டும் நம்மவர்களில் பலருக்கு நகர மன்றம் எந்தக் கிழமை கூடுகிறது என்றுகூடத் தெரியாது. அவர்களும் படிக்கட்டும்.

முதலில் ஒரு விஷயத்தை ஒதுக்கி வைத்துவிடுகிறேன். பெட்ரோல் வரிக் காசில் செடி வைப்பதே சட்டவிரோதம் என்று சிலர் உங்களுக்கு எழுதியிருப்பார்கள். அது சரியில்லை. வண்டிகளிடம் வாங்கும் எரிபொருள் வரியை வேறு எதற்கும் திருப்பக் கூடாது என்று கலிபோர்னியா வாக்காளர்கள் 1938இலேயே அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். இன்று அது 19ஆவது பிரிவு. சாலைகளைத் திட்டமிட, கட்ட, மேம்படுத்த, பராமரிக்க, இயக்க அந்தப் பணத்தைச் செலவழிக்கலாம். சாலையால் வரும் சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைக்கவும் செலவழிக்கலாம். பராமரிப்பு என்றால் என்னவென்று விளக்கும் சாலைச் சட்டத்தின் 27ஆவது பிரிவிலேயே சாலை எல்லைக்குள் நட்ட செடிகளும் வருகின்றன. ஆகவே, வெகுகாலமாக வந்துகொண்டிருக்கும் பழைய பெட்ரோல் வரிப் பங்கில் மீடியன் செடிக்கு இடம் உண்டு.

ஆனால் நீங்கள் தொட நினைப்பது அந்தப் பழைய பங்கை இல்லை. எஸ்பி 1 என்ற மாநிலச் சாலை நிதிச் சட்டத்தின்படி வரும் பணத்தை. அதற்கு வேறு கதை இருக்கிறது.

2017 ஏப்ரலில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட அந்தச் சட்டம், நவம்பர் 1 முதல் பெட்ரோலுக்கு கேலனுக்கு 12 சென்ட் கூடுதல் வரி போட்டது. பிறகு விலைவாசியோடு சேர்ந்து ஏறும்படியும் செய்தது. 2025 ஜூலை 1 அன்று மாநில வரி மொத்தம் கேலனுக்கு 61.2 சென்ட் ஆனது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இது நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். 2020 மாடலிலிருந்து அவர்களுக்கு ஆண்டுப் பதிவோடு ஒரு சாலைக் கட்டணம் சேர்கிறது. 100 டாலரில் ஆரம்பித்த அதுவும் ஏறிக்கொண்டே இருக்கிறது. 2018 நவம்பரில் இந்த வரியை ரத்து செய்யச் சொல்லி ப்ரொபொசிஷன் 6 என்ற தீர்மானம் வாக்காளர்களிடம் நேரடி ஓட்டெடுப்புக்கு வந்தது. மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். வரியை யாரும் ஆசையாகக் கட்டுவதில்லை. குழி விழுந்த ரோடுகளும் பலமிழந்த பாலங்களும் சரியாகும், ரோட்டில் நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் உயிரோடு வீடு திரும்புவார்கள் என்று சொல்லப்பட்டதால்தான் அந்த ஓட்டு விழுந்தது.

சட்டத்தின் 2030ஆவது பிரிவு முன்னுரிமை வேலைகளை உதாரணம் காட்டிச் சொல்கிறது: சாலைப் பராமரிப்பும் மறுசீரமைப்பும், பாதுகாப்பு வேலைகள், ரயில் கிராஸிங்கைப் பிரிக்கும் பாலங்கள், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பேருந்துக்குமான வசதிகள், வேறொரு சாலை வேலையோடு சேர்த்துச் செய்யும் மழைநீர் வடிகால், சிக்னல் முதலிய கருவிகள். இதில் தோட்ட வேலை தனியாக இல்லை. பிடிவாதமாகத் தேடினால் ஏதாவது ஒன்றுக்குள் அதை நுழைத்துவிடலாம், உங்கள் வழக்கறிஞருக்கு அது சிரமமாக இருக்காது. இன்னொரு வழியும் சட்டம் வைத்திருக்கிறது. நகரின் சாலைத் தர எண், அதாவது பூஜ்யத்திலிருந்து 100 வரை போகும் பிசிஐ, 80ஐத் தொட்டுவிட்டால் இந்தப் பணத்தை மற்ற போக்குவரத்து வேலைகளுக்கும் திருப்பலாம். பே ஏரியாவின் சராசரி பல ஆண்டுகளாக 67ஐ ஒட்டியே நிற்கிறது. நம் நகரமும் 80க்குக் கீழேதான். தார் ரோடு ஓரளவு நல்ல நிலையில் இருக்கும்போதே ஸ்லரி சீல் என்ற மெல்லிய தார்ப்பூச்சு போட்டுக் காப்பாற்றுவது மலிவு, கெட்டுப்போனபின் தோண்டி மறுபடி போட்டால் பல மடங்கு ஆகும். இதை உங்கள் பொறியாளர்களே ஒவ்வொரு பட்ஜெட் கூட்டத்திலும் படம் போட்டுக் காட்டுகிறார்கள்.

சரி, செடியே வேண்டாம் என்கிறேனா? இல்லை. மீடியனே வேண்டாம் என்பவன் நிச்சயம் நான் இல்லை. மாநில ரோட்டுக் காசு இந்த மீடியனுக்குள் வருவதற்கு நல்ல காரணம் ஒன்று இருக்கிறது, அது உங்கள் வரைபடத்தில் ஓரமாகக் கிடக்கிறது. ரோட்டைக் கடக்கிறவர்களைச் சொல்கிறேன்.

ஆறு லேனும் திரும்பும் லேனும் சேர்ந்த இப்படி ஒரு சாலை 90 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். சிக்னலில் நடப்பவருக்கான நேரத்தை விநாடிக்கு 3.5 அடி நடை என்ற கணக்கில் வைக்கிறார்கள். 90 அடிக்கு ஏறக்குறைய 26 விநாடி. முதியவர்கள் அடிக்கடி கடக்கும் இடமாக இருந்தால் 2.8 அடி என்று வைத்துப் பாருங்கள் என்று கலிபோர்னியாவின் போக்குவரத்துக் கருவிக் கையேடே சொல்கிறது. அப்போது 32 விநாடி. அந்த ஆறு விநாடியில் மாட்டிக்கொள்வது யார் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆறு மாத விசாவில் பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து, கார் ஓட்டத் தெரியாமல், மாலையில் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு பூங்காவுக்கு நடக்கும் நம் அப்பா அம்மாக்கள்தான். இந்த ஊரில் பெரிய சாலையை நடந்து கடக்கிறவர்களில் அவர்கள் எவ்வளவு பேர் என்று ஒரு சாயங்காலம் நின்று பார்த்தாலே தெரியும். ஓட்டுரிமை இல்லை, ஆங்கிலத்தில் புகார் எழுதவும் மாட்டார்கள். ஆகவே உங்கள் கணக்கெடுப்பு எதிலும் அவர்கள் வருவதில்லை.

நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு மேடை இருந்தால் கதையே மாறுகிறது. கிராஸ்வாக் கோடும் மேடான மீடியனும் சேர்ந்த இடங்களில் நடப்பவர்கள் மீதான விபத்து 46 சதவீதம் குறையும் என்று மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் சொல்கிறது. அவர்கள் நிற்பதற்கென்றே அமைத்த மேடைக்கு 56 சதவீதம். அந்த மேடை குறைந்தது 4 அடி அகலம் இருக்க வேண்டும், 8 அடி இருந்தால் நல்லது என்றும் அதே நிர்வாகத்தின் பரிந்துரை. ஸ்ட்ரோலரும் அதைத் தள்ளும் ஆளும் சேர்ந்து நிற்க 4 அடி போதாது. சக்கர நாற்காலி ஏறி இறங்காமல் நேராகப் போக மேடையை வெட்டி வழி விட வேண்டும். பார்வை இல்லாதவர்கள் காலால் உணர மேடு வைத்த மஞ்சள் பட்டை வேண்டும். இதெல்லாம் எஸ்பி 1 பட்டியலில் தலை நிமிர்ந்து நிற்கும் வேலைகள். உங்கள் திட்டத்தில் இவற்றை எத்தனை சந்திப்புகளில் செய்யப்போகிறீர்கள்? விளக்கப் படங்களில் பூக்களின் நிறம் தெரிகிறது, இது தெரியவில்லை.

செடி வைப்பதும் இந்தக் கண்ணோடுதான் நடக்க வேண்டும். கிராஸிங்குக்குப் பக்கத்தில் இடுப்பளவு புதர் வைத்தால், அதன் பின்னாலிருந்து வரும் குழந்தை ஓட்டுநர் கண்ணில் படாது. தண்டு 4 அங்குலத்துக்கு மேல் பருக்கும் மரத்தை மோதினால் நொறுக்கும் தடை என்றே நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் கணக்கில் வைக்கிறார்கள். வேகம் அதிகமான இடத்தில் மரம் எங்கே நிற்கிறது என்பது அழகுக்கான கேள்வி மட்டும் இல்லை. தமிழ்நாட்டு நான்குவழிச் சாலைகளில் நடுவே வரிசையாக நிற்கும் அரளியை நம்மவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணில் அடிக்காது, மாடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது. இங்கே 99ஆம் எண் நெடுஞ்சாலையின் நடுவிலும் அதே அரளிதான் பல பத்தாண்டுகளாகப் பூத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு நாட்டிலும் யாரோ ஒரு பொறியாளர் வேலை பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். (அதற்காக ஊருக்குள் கிராஸ்வாக் பக்கத்தில் அரளி வைத்துவிடாதீர்கள். ஆளை மறைக்கும், விஷமும்கூட.)

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். மாநிலப் பணம் ஒருமுறை வந்து செடியை நட்டுவிட்டுப் போய்விடும். அப்புறம் தண்ணீர் ஊற்றுவது யார்?

எஸ்பி 1 திட்டப் பட்டியலை அனுப்பும்போது ஒவ்வொரு வேலைக்கும் இடம், விவரம், முடியும் காலம் எழுத வேண்டும். கூடவே அதன் உத்தேசப் பயன்பாட்டு ஆயுளையும் எழுத வேண்டும் என்கிறது 2034ஆவது பிரிவு. சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான். தார் ரோடு எத்தனை வருஷம் தாங்கும் என்று உங்களுக்குத் தெரியும். கான்கிரீட் ஓரக்கல்லின் ஆயுளும் தெரியும். லாவெண்டர் புதருக்கு என்ன எழுதப் போகிறீர்கள்? சொட்டுநீர்க் குழாய் ஒழுங்காக ஓடினால் பத்து வருஷம். ஆகஸ்ட் மாதம் ஒரு வால்வு உடைந்து யாரும் கவனிக்கவில்லை என்றால் மூன்று வாரம்.

வீட்டுத் தோட்டத்தில் களை எடுக்க வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் போதும். மீடியனில் அப்படி முடியாது. களை எடுக்க, குழாய் மாற்ற, காய்ந்த கிளையை வெட்ட ஒவ்வொரு முறையும் ஒரு லேனை அடைக்க வேண்டும். கூம்புகள், அம்புக்குறி பலகை வைத்த லாரி, போக்குவரத்துத் திட்டம் எல்லாம் வேண்டும். இரண்டு பேர் மண்வெட்டியோடு வேலை செய்ய, அவர்கள் உயிரைக் காக்க மற்ற ஏற்பாடுகளுக்கு அதைவிடச் செலவு ஆகும். மண்ணும் ஒத்துழைக்காது. அங்கே கீழே இருப்பது ரோட்டுக்காக இறுக்கிப் போட்ட ஜல்லியும் பழைய தாரும். அதைத் தோண்டி எடுத்து நல்ல மண் நிரப்பாமல் நட்ட மரம் வேரை மேலேயே பரப்பி ஓரக்கல்லைத் தூக்கும். பே ஏரியாவின் பல பகுதிகளில் இருப்பது நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண். மீடியனில் ஊற்றும் தண்ணீர் பக்கவாட்டில் ரோட்டுக்கு அடியில் இறங்கினால் தார் விரிசல் விடும். ஈரம் கடக்காத தடுப்பை ஓரத்தில் ஆழமாக இறக்க வேண்டும். விலையைக் குறைக்கும் கட்டம் வந்தால் முதலில் வெட்டுப்படுவது இப்படிக் கண்ணுக்குத் தெரியாத வேலைகள்தான். ரோட்டைக் காக்க வந்த காசே ரோட்டைக் கெடுத்தது என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி இந்த மாநிலத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2015 ஏப்ரல் 1 அன்று, வழக்கமாகப் பனி மூடிக் கிடக்க வேண்டிய சியரா மலையின் காய்ந்த புல்லில் நின்றபடி, நகரங்கள் 25 சதவீதம் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று பிரவுன் அறிவித்தார். அந்த ஆணையில் சாலை மீடியன்களுக்கென்றே ஒரு வரி இருந்தது: அலங்காரப் புல்லுக்குக் குடிநீர் விடக் கூடாது. நகரங்கள் தெளிப்பான்களை மூடின. அதே தெளிப்பான்களை நம்பி வளர்ந்த மரங்கள் பல இடங்களில் புல்லோடு சேர்ந்து வாடின, ஏனென்றால் மரத்துக்கென்று தனிக் குழாய் யாரும் போட்டிருக்கவில்லை. 2027 ஜனவரி 1 முதல் நகர நிலங்களில் பயனற்ற அலங்காரப் புல்லுக்குக் குடிநீர் விடுவதற்கு ஏபி 1572 சட்டம் நிரந்தரமாகவே தடை போடுகிறது. தண்ணீர் அதிகம் குடிக்கும் செடிகளை மீடியனில் வைக்கக் கூடாது என்று மாநிலத்தின் நீர்ச்சிக்கன நிலவடிவமைப்பு விதியும் சொல்கிறது. ஆகவே பழைய புல்லை எடுக்க வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குத் தகராறு இல்லை. எடுத்த இடத்தில் எல்லாம் தோட்டம்தான் வர வேண்டுமா என்பதில்தான் தகராறு. மரத்துக்குத் தனி வால்வு, மேலே ஈரம் காயாதபடி கனமாக மூடாக்கு, மரங்களுக்கு இடையே கல்லோ கப்பியோ. இப்படிச் செய்தால் வறட்சி வந்தாலும் மரம் பிழைக்கும், லேனை அடைக்கும் நாட்களும் குறையும்.

பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால் விளக்கு, தோட்டப் பராமரிப்பு வட்டாரம் பார்த்துக்கொள்ளும் என்கிறீர்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட பகுதி வீடுகளிடம் தனியாக வசூலிக்கும் தொகை அது. நம்மில் பலருடைய சொத்து வரி ரசீதில் கடைசியில் சின்ன எழுத்தில் வருவது. 1996இல் ப்ரொபொசிஷன் 218 நிறைவேறியபின் அந்தத் தொகையை உயர்த்த வேண்டுமானால் சொத்து உரிமையாளர்களுக்குத் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்ப வேண்டும். எதிர்ப்பு மேலோங்கினால் உயர்த்த முடியாது. இந்த மாநிலத்தில் எத்தனையோ வட்டாரங்கள் பழைய தொகையிலேயே நிற்க, தண்ணீர்க் கட்டணமும் கூலியும் மட்டும் ஏறிக்கொண்டு போகின்றன. மீடியன்கள் காய்வதற்கு வறட்சி பாதிக் காரணம் என்றால் இது மீதிப் பாதி. அதோடு, அந்த வீடுகளுக்குத் தனிப்பட்ட பலன் எவ்வளவோ அதற்கு மட்டும்தான் வசூலிக்கலாம் என்பதும் 218இன் விதி. ஊரே பயணிக்கும் பிரதான சாலையின் மீடியன் ஊருக்கே பொதுவான பலன். அந்தப் பங்கை நகரின் பொது நிதிதான் கொடுக்க வேண்டும். பொது நிதி என்றால் நூலகமும் தீயணைப்பும் இருக்கும் அதே பை. அதிலும் இடமில்லை என்றால் பழைய பெட்ரோல் வரிப் பங்கிலிருந்து எடுப்பீர்கள், அதாவது ஒவ்வொரு வருஷமும் குழி அடைக்கும் காசிலிருந்து.

அழகுபடுத்துவதற்கென்றே மாநிலம் வேறு பைகளையும் திறந்திருக்கிறது. 2021இல் தொடங்கிய க்ளீன் கலிபோர்னியா திட்டத்தின் 110 கோடி டாலரில் ஏறக்குறைய 29 கோடியே 60 லட்சம் டாலர் உள்ளூர் அரசுகளுக்கான மானியமாக ஒதுக்கப்பட்டது. குப்பை அகற்றவும் பொது இடங்களை அழகாக்கவும் வந்த பணம் அது. நகர மரங்களுக்கு மாநில வனம், தீயணைப்புத் துறையான கால் ஃபயர் தனியாக மானியம் தருகிறது. இயற்கை வள முகமையின் நகரப் பசுமை மானியமும் உண்டு. போட்டி போட்டு, விண்ணப்பம் எழுதி வாங்க வேண்டும் என்பது உண்மை. எஸ்பி 1 தானாக வந்து விழுகிறது. எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதில் கை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது இது. இந்தத் திட்டத்தை ஒரே வரியாகப் பட்டியலில் போடாதீர்கள். கிராஸிங் மேடைகள், ஓரக்கல், சாய்தளம், வடிகால், சிக்னல் நேர மாற்றம் ஆகியவற்றைத் தனியே பிரித்து எஸ்பி 1இல் வையுங்கள். அதற்கு நானே வந்து ஆதரவாகப் பேசுகிறேன். எதிர்காலத்தில் மரம் வைக்கத் தேவைப்படும் குழாய்ப் பாதையை, ரோட்டைத் தோண்டும்போதே அடியில் விட்டுவிடுங்கள், அதற்காக மறுபடி தார் வெட்டும் நிலை வரக் கூடாது. செடியும் மண்ணும் கல்லும் மற்ற மானியத்துக்குக் காத்திருக்கட்டும். அதுவரை மூடாக்கு போட்ட வெறும் மீடியன் நிற்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

நடுவது எப்போது நடந்தாலும், மன்றத்துக்கு வரும் அதிகாரிகள் அறிக்கையின் நிதி விளைவுப் பகுதியில் முதல் வருஷச் செலவுக்குக் கீழே பத்தாவது வருஷம் வரை ஒவ்வொரு வருஷமும் தண்ணீர், ஆள், லேன் அடைப்பு, செத்த செடிக்கு மாற்று என்று என்ன ஆகும், எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று எழுதச் சொல்லுங்கள். கணக்கின் பெயரை எழுத முடியாத பகுதியில் செடி வேண்டாம்.

கடைசியாக ஒன்று. சாலைப் பட்டியல் தீர்மானம் பெரும்பாலும் கன்சென்ட் காலண்டரில், இருபது முப்பது விஷயங்களோடு சேர்ந்து, ஒரே ஓட்டில், யாரும் வாய் திறக்காமல் நிறைவேறிவிடுகிறது. உங்களில் ஒருவர் கேட்டால் போதும், அதை வெளியே எடுத்துத் தனியாக விவாதிக்கலாம். ஜூலை 1க்குள் பட்டியல் மாநிலப் போக்குவரத்து ஆணையத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், வரும் கூட்டத்திலேயே அதைச் செய்யுங்கள். நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்டப்படும் என்பதை இதைப் படிக்கும் நம்மவர்களும் குறித்துக்கொள்ளுங்கள். பேச விரும்பும் யாரும் பேசலாம், குடியுரிமை கேட்க மாட்டார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் அழைத்து வாருங்கள். அவர்கள் தமிழில் பேசினால் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
பே ஏரியா நகரவாசி ஒருவர்